விடியற்காலை வண்டியில் குழந்தைகளுக்கு இடமில்லை

போன வருடம் ஆடி மாதம். தியாகராய நகர் முழுக்கத் தள்ளுபடியில் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஹாலில், என் ஆயுளிலேயே பெரிய கோபமும் பெரிய அவமானமும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்குக் கிடைத்தன. கோபத்தை மற்றவர்கள் உண்டாக்கினார்கள். அவமானத்துக்கு நான் யாருடைய உதவியையும் நாடவில்லை.

அங்கே எதற்குப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் லேட், குழந்தைகள் அதைவிட லேட். பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு ஐந்து. அதற்கு முந்தைய கோடை விடுமுறையில் பெண் அடையாறில் ஒரு பூங்கா சறுக்குமரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். லீவு முழுக்க மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்து டிவியில் மிருகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல் ஒரு நாள், "கால் சரியானதும் உனக்கு என்ன வேணும், கேளு. அப்பா வாங்கித் தரேன்" என்றேன். சைக்கிள் கேட்பாள், பொம்மை கேட்பாள் என்று கணக்கு.

"கழுதைப்புலி" என்றாள்.

கட்டுப் பிரித்ததும் வண்டலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கூண்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது வரி போட்டதுப்பா. நான் கேட்டது புள்ளி போட்டது. அது ஆப்பிரிக்காவுலதான் இருக்கு" என்றாள். கடையில் தப்பான அளவுச் சட்டையை எடுத்துக் கொடுத்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

சொந்தக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. பெண் குழந்தை என்றால் மான் கேட்கலாம், மயில் கேட்கலாம், மிஞ்சினால் யானை. கழுதைப்புலியா? அவளுக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. "எல்லாரும் அதைத் திருடன்னு சொல்றாங்க. அது சொந்தமாதான் வேட்டையாடுது. சிங்கம்தான் வந்து பிடுங்கிக்குது. ஆனா சிங்கத்தை மட்டும் ராஜாங்கறாங்க." இதை எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட விளக்கினாள். நியாயம் பேசுகிற பழக்கம் என்னிடமிருந்து வந்தது என்று நான் சொல்லிக்கொள்வேன். என் மனைவி அதை ஒத்துக்கொள்வதில்லை.

இப்படித்தான் எங்கள் கென்யா ஏற்பாடு ஆரம்பமானது. நானே எல்லாவற்றையும் திட்டமிடுவது என்று உட்கார்ந்து, படிக்கப் படிக்கக் குழம்பி, கடைசியில் தி.நகர் டிராவல்ஸ் ஒன்றின் குழுப் பயணத்தில் சரணடைந்தேன். காலாண்டு விடுமுறைக்குச் சரியாக வந்தது. நம் ஊர்க் குழுப் பயணங்களின் பெரிய விசேஷம், சமையல்காரரையும் சென்னையிலிருந்தே கூட்டிக்கொண்டு போவது. சிங்கம் தெரியுமோ தெரியாதோ, சாம்பார் நிச்சயம். புறப்படுவதற்கு முன்னால் எல்லோரையும் ஒரு நாள் ஹாலில் கூட்டி, வடை காபி கொடுத்து, ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குத்தான் போனோம்.

நான் தயாராகப் போனேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாகிவிட்டது. பெண் அழவில்லை. பையன் லேசாக அழுதான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். குழந்தைகளுக்குச் சத்தம் போடாமல் காத்திருக்கிற பயிற்சி கொடுத்தேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அதிகாலையில் கூட்டிப் போய், காருக்குள்ளேயே உட்கார்ந்து நாரை பார்ப்பது. இரண்டும் மூச்சுக் காட்டாமல் பார்க்கும். பிறகு, பாண்டி பஜாரில் காக்கி நிறத்தில் கையில்லாத கோட்டு ஒன்று வாங்கினேன். உடம்பு முழுக்கப் பை. பைக்குள் பை. மொத்தம் எத்தனை என்று இன்றுவரை எண்ணி முடிக்கவில்லை. அதை அந்தக் கூட்டத்துக்கே போட்டுக்கொண்டு போனேன்.

"தி.நகர்ல எந்தப் புலிங்க வரப்போகுது? கழட்டுங்க" என்று மனைவி படியிலேயே சொன்னாள். கேட்டிருக்கலாம்.

ஹாலில் முதல் ஒரு மணி நேரம் சாப்பாடு பற்றியே போனது. கேள்வி கேட்டவர்களில் ஒருவர்கூட ஆப்பிரிக்கா என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. புரட்டாசி சனிக்கிழமை வெங்காயம் பூண்டு இல்லாமல் உண்டா? மோர் உண்டா, தயிர் மட்டும்தானா? பக்கத்து வரிசையிலிருந்து ஒரு அம்மாள், ஜவுளிக்கடை முதலாளியின் மனைவியாம், எழுந்து, "தயிருக்கு உறை அங்க கிடைக்குமா?" என்று கேட்டார்.

மேடையில் நின்ற சமையல்காரர், புதுப்பேட்டைக்காரர், சிரித்தார். "உறை நம்ம கையில கீதும்மா. ஃபிளாஸ்க்ல எடுத்துகினு வர்றேன். நீ கவலயே படாத."

கைதட்டல். அந்தக் கண்டத்தில் உள்ள எந்த விலங்குக்கும் அன்றைக்கு அவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை.

அப்போதுதான் என் பெண் கையைத் தூக்கினாள். "அங்கிள், புள்ளி போட்ட கழுதைப்புலி பாக்கறதுக்கு எந்த நாள் காலைல போவோம்?"

அவள் 'காலையில்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கழுதைப்புலிக் குட்டிகள் விடிகிற நேரத்தில் வளைக்கு வெளியே விளையாடும், வெயில் ஏறினால் உள்ளே போய்விடும் என்று டிவியில் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தாள். எங்கள் குழுவுக்கோ விடியற்காலைச் சவாரி ஒரே ஒரு நாள்தான். மற்ற நாட்களில் எல்லோரும் குளித்து, இட்லி சாப்பிட்டு, காபி குடித்துவிட்டுத்தான் வண்டி கிளம்பும். அதற்குள் ஆப்பிரிக்காவில் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

டிராவல்ஸ் மேனேஜர் குனிந்து, பல் தெரியச் சிரித்து, "பாப்பா, அன்னிக்கு நீயும் தம்பியும் ஹோட்டல்ல ஜாலியா பூல்ல குளிச்சுட்டு இருப்பீங்க. குக் அங்கிள் உங்களுக்கு பூரி போட்டுத் தருவாரு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"என்ன சார் சொல்றீங்க?"

"கிட்ஸ் வேண்டாம்னு பொதுவா ஒரு ஃபீலிங் சார். எர்லி மார்னிங் டிரைவ்ல சத்தம் கூடாது. போன டிரிப்ல ஒரு குழந்தை கத்தி, சிறுத்தை எழுந்து போயிடுச்சு. மத்தியான டிரைவ் எல்லாத்துக்கும் தாராளமா வரட்டும்."

"பணம் கட்டும்போது இதைச் சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கல சார்."

இந்த 'நீங்க கேக்கல' என்ற பதில் நம் ஊரில் எத்தனை அநியாயங்களுக்குக் கதவாக இருக்கிறது! வீட்டை வாங்கிய பிறகு தண்ணீர் வராது என்று தெரியும். நீங்க கேக்கல. நான் கொதித்து எழுந்தேன். ஆனால் எனக்கு முன்னால் இன்னொருவர் எழுந்தார். மயிலாப்பூர் மாமா ஒருவர். பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். கழுத்தில் ஒரு காமெரா. அதன் லென்ஸ் வாழைத்தார் நீளம். கூட்டத்துக்கே அதை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த ஹாலில் என் கோட்டுக்குப் போட்டி அது ஒன்றுதான்.

"இதோ பாருங்கோ சார், குழந்தைகள்னா சத்தம் போடத்தான் போடும். அதுகளைக் குத்தம் சொல்லலே. ஆனா சர்வீஸ்ல இருந்த காலத்துலேர்ந்து நான் ஒரு சிறுத்தையைப் பாக்கணும்னு காத்துண்டிருக்கேன். உங்காத்துக் குழந்தைக்கு அன்னிக்கு மூச்சா வந்துடுத்துன்னா, என் சிறுத்தை என்ன ஆறது?"

"என் குழந்தைங்க சத்தம் போட மாட்டாங்க சார்."

"எல்லா அப்பாவும் அப்படித்தான் சொல்வா."

ஜவுளிக்கடை அம்மாள் நடுவில் புகுந்து, உருகிப்போன குரலில், "நாலு மணிக்கு எழுப்பணும், குளிரு வேற. பச்சைக் குழந்தைங்க. பாவம், தூங்கட்டும் சார்" என்றார்.

பாவம்! குழந்தைகளிடமிருந்து எதையாவது பிடுங்க வேண்டும் என்றால் நம்மவர்கள் முதலில் சொல்கிற சொல் இதுதான். எங்கள் அடுக்ககத்தில் குழந்தைகள் பந்து விளையாடக் கூடாது. கீழே விழுந்து அடிபட்டுக்கொள்ளும், பாவம். சபாவில் குழந்தை ஒரு தடவை இருமினால் நான்கு வரிசை திரும்பிப் பார்க்கும். வீட்டில் விட்டுவிட்டு வரலாமே, பாவம். அதே வரிசையில் ஒரு பெரியவர் காண்டீன் போண்டாவைப் பற்றி முழுக் குரலில் விமர்சனம் செய்துகொண்டிருப்பார். அவரை யாரும் பாவம் என்று சொல்லி வெளியே அனுப்புவதில்லை. சென்னையில் வளர்கிற குழந்தைக்கு அமைதியைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பிறந்த நாள் முதல் அதற்கு அதைத்தான் சொல்லித் தருகிறோம்.

இதையெல்லாம் நான் அங்கே சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன். மனைவி கோட்டின் ஓரத்தைப் பிடித்து, "போதுங்க, உக்காருங்க" என்று இழுத்தாள். ஒரு பை அவள் கையோடு வந்தது.

"சரி சார், ஒரு ஓட்டெடுப்பு வெச்சிடலாமா?" என்றார் மேனேஜர். "குழந்தைங்க வரலாம்ங்கறவங்க கையத் தூக்குங்க."

எங்கள் இரண்டு கை. பின்னாலிருந்து ஒரு காலேஜ் பெண்ணின் கை. பையனும் தூக்கினான், எண்ணவில்லை. பெண் தூக்கவில்லை. மடியில் கையைக் கட்டிக்கொண்டு மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்த நாட்களில் வைத்திருந்த அதே முகம். கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துகொண்ட முகம். அதற்குப் பிறகு நான் பேசியதற்கு அந்த முகம்தான் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

"ஒரு நிமிஷம்" என்றேன். "கையைத் தூக்கி எல்லாம் முடிவு பண்ண வேண்டாம். உங்ககிட்ட ஏதாவது மிருகப் படம் இருக்கும், இல்லையா? விளக்கை அணைச்சுட்டு இங்கேயே போடுங்க. நாம எல்லாரும் விடியற்காலை வண்டியில உக்காந்திருக்கோம்னு வெச்சுக்குவோம். படம் முடியறதுக்குள்ள முதல்ல யார்கிட்டேருந்து சத்தம் வருதோ, அவங்க அன்னிக்கு ஹோட்டல்ல இருக்கட்டும். ஏழு வயசானாலும் சரி, எழுபது வயசானாலும் சரி. சத்தம் வரலேன்னா எல்லாருமே போலாம்."

"நியாயமாத்தான் இருக்கு" என்றது ஒரு குரல். மயிலாப்பூர் மாமா லென்ஸைத் தடவிக்கொண்டே, "ரூல்னா எல்லாருக்கும் ரூல். நடுவுல பேச்சு மாறப்படாது" என்றார்.

"மாற மாட்டேன்" என்றேன். சபைக்கு முன்னால், உரக்க.

விளக்கு அணைந்தது. திரையில் புல்வெளி. மேனேஜர் ஒலியை அடியோடு நிறுத்திவிட்டார். ஃபேன் சத்தமும், கீழே தெருவில் தள்ளுபடி அறிவிக்கிற ஒலிபெருக்கியும் மட்டும். என் இரண்டு குழந்தைகளும் பள்ளிக்கரணையில் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிட்டன. ஜவுளிக்கடை அம்மாள் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரிக்கப் போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மாமாவுக்குத் தொண்டையில் ஏதோ கமறியது. கண்ணில் நீர் வர வர அடக்கிக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம். இருமும், மாமா, இருமும்.

திரையில் ஒரு பெண் சிங்கம் புல்லுக்குள் பதுங்கிப் பதுங்கி வந்தது. ஹாலே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அப்போது ஒரு யானை பிளிறியது.

சாதாரணப் பிளிறல் இல்லை. மதம் பிடித்த பிளிறல். ஜவுளிக்கடை அம்மாள் "முருகா!" என்று அலறினார். யாரோ ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். யானை மறுபடியும் பிளிறியது. என் கோட்டுக்குள்ளிருந்து.

பயண ஏற்பாடுகளின் உற்சாகத்தில், குழந்தைகளைக் குஷிப்படுத்துவதற்காக, என் போனில் யானைச் சத்தத்தை ரிங்டோனாக வைத்திருந்தேன். இதை உங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

போனை எடுத்து நிறுத்துவதற்கு ஒரு வினாடி போதும். எந்தப் பையில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால். மேல் பையில் கூலிங் கிளாஸ். கீழ்ப் பையில் கொசு மருந்து. அதற்குள்ளே இருந்த பையில் விசில். ஒவ்வொரு பையாக நான் என்னையே அடித்துக்கொள்ள, யானை விடாமல் பிளிறிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டார்கள். ஹால் மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒருவழியாக முதுகுப்புறப் பையில் அகப்பட்டது. பதற்றத்தில் அணைப்பதற்குப் பதிலாக எடுத்துவிட்டேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், "வணக்கம் சார், பர்சனல் லோன் தேவைப்படுதா?" என்று கேட்டது.

அதன் பிறகு இருமல், தும்மல், சிரிப்பு எல்லாம் தாராளமாக நடந்தது. மாமா சேர்த்துவைத்திருந்த இருமலை எல்லாம் இருமித் தீர்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சார், குழந்தைகள் பேஷா வரட்டும். நான் ஆட்சேபிக்கலே. அப்பா ஆத்துல... ஹோட்டல்ல இருக்கட்டும்."

நான் வாதாடினேன். சத்தம் என்று நான் சொன்னது பேச்சைத்தான், போன் எப்படிப் பேச்சாகும் என்றேன். ஜவுளிக்கடை அம்மாளும்தானே கத்தினார் என்றேன். "நான் பயந்துல்ல கத்தினேன், உங்க யானைச் சத்தத்தைக் கேட்டு!" என்றார் அவர். அது நான் கேட்காத லோன் அழைப்பு என்றேன். மேனேஜர் பணிவாக, "சார், காட்டுல இது அடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நிஜ யானை வந்துடும்" என்றார். கடைசி முயற்சியாக என் பெண்ணைப் பார்த்தேன். அத்தனை அமளியிலும் அவள் மட்டும் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். திரையில் படம் இன்னும் முடியவில்லை. அது முடிந்து திரை இருண்ட பிறகுதான் விரலை எடுத்தாள்.

"நீங்கதானப்பா ரூல் சொன்னீங்க" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வெங்கட்நாராயணா சாலை நெரிசலில் கார் நின்றுகொண்டே இருந்தது. மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகை இல்லை.

மாற மாட்டேன் என்று சபையில் சொன்னவன், புறப்படுகிற வரைக்கும் மேனேஜருக்குப் போன் போட்டுப் போட்டு மாற்றப் பார்த்தேன். பலிக்கவில்லை. மாசாய் மாராவில் அந்த ஒரு விடியற்காலையும் வந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூடாரம் போட்ட எங்கள் ஹோட்டல் வாசலில் நின்றேன். பெண்ணும் பையனும் பேச்சே இல்லாமல் அம்மாவோடு வண்டியில் ஏறினார்கள். மாமா லென்ஸை மடியில் குழந்தையைப்போல் வைத்துக்கொண்டிருந்தார். வண்டி இருட்டில் போய் மறைந்தது. அந்த நிமிஷம் எனக்கு மேனேஜர் மேல், மாமா மேல், அம்மாள் மேல், லோன் கொடுக்கத் துடித்த அந்தப் பெண் மேல், எல்லோர் மேலும் கோபம்.

"இன்னா சார் அங்கியே நின்னுகினு கீற? வா, காபி கீது" என்று சமையல்காரர் கூப்பிட்டார். "மத்தியானம் போவ இல்ல, வுடு. அதுவரிக்கும் இந்தத் தேங்காயத் துருவு."

கூப்பிடு தூரத்தில் சிங்கங்கள் உலவுகிற ஒரு நிலத்தில் உட்கார்ந்து, சட்னிக்குத் தேங்காய் துருவினேன்.

வெயில் ஏறிய பிறகு வண்டி திரும்பியது. நிற்பதற்குள் பெண் குதித்து ஓடி வந்தாள். வளை இருந்த இடம், குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தது, தாய் ஒரு குட்டியின் காதைக் கடித்தது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நடுநடுவே பையன் நான்கு காலில் தவழ்ந்து கழுதைப்புலி எப்படி நொண்டி நடக்கும் என்று காட்டினான். இரண்டு பேரும் சேர்ந்து அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

பின்னாலேயே மாமா வந்தார். அவருக்குச் சிறுத்தை அகப்படவில்லை. "சார், உங்க பொண்ணு இல்லேன்னா இதையும் பாத்திருக்க மாட்டோம். டிரைவர் நேரா சிங்கத்தைத் தேடிண்டு போயிட்டான். இவ வாயைத் திறக்கலே. என் தோளைத் தட்டறா, விரலைக் காட்டறா. அங்கே பாத்தா, வளை." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "ஜன்னல் ஓரம் குடுத்துட்டேன் அவளுக்கு. போகட்டும், நேக்கு நாளைக்கு டிரைவ் இருக்கு" என்றார்.

அவருக்கு நன்றி சொன்னேன். மனதார இல்லை. அந்த ஹாலில் அவர்கள் செய்ய நினைத்தது அநியாயம்தான்; இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. இப்போதும் எங்கேயாவது 'குழந்தைகள் வேண்டாமே, பாவம்' என்று யாராவது ஆரம்பித்தால் சண்டைக்குப் போகிறேன். ஆனால் நான் அன்றைக்கு மனதில் வரைந்துவைத்திருந்த படத்தில், விடிகிற வெளிச்சத்தில் குழந்தைகளுக்குப் பக்கத்தில் நின்று 'அதோ பார்' என்று விரலை நீட்டுகிறவன் நானாகத்தான் இருந்தேன். என் பெண்ணுக்கு அந்த விரல் தேவைப்படவில்லை, அவளே ஒருவருக்குக் காட்டியிருக்கிறாள் என்பதை நினைக்கும்போது, நான் பார்க்காமல் போன அந்தக் காலைதான் என் பயணத்திலேயே எனக்கு மிகவும் தெளிவாகத் தெரிகிறது.